கைகளைத் தாழ்த்தி வைத்த காலம்

அப்பா ஒருநாள் பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அடுப்படிவரை நடந்து, மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் தோளைத் தொட்டார். அவள் திரும்பிப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், 'என்ன?' என்று. எனக்கும் தெரியவில்லை.

தண்ணீர் குடித்த பிறகுதான் அப்பா சொன்னார். அவர் ஓட்டிய பஸ் மலாக்காவிலிருந்து தோட்டங்களுக்குப் போய்த் திரும்பும். மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ரோட்டில் நாலு மைலுக்கு ஒரு சோதனைச் சாவடி. அன்று காலை, வேலிக் கதவு திறப்பதற்கு முன்பே ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவன் வெளியே வந்திருக்கிறான்.

"நில்லுன்னு கத்தியிருக்கானுங்க. அவன் பாட்டுக்கு நடந்திருக்கான். செவிட்டுப் பையன்லா அவன். தோட்டம் பூராவும் தெரியும். சுட்டவனுக்குத் தெரியல. நான் பஸ்ஸ நிறுத்துறப்போ சாக்கைப் போட்டு மூடிக்கிட்டிருந்தாங்க. கால் மட்டும் வெளிய தெரிஞ்சிச்சு."

அப்பா இதைச் சொல்லும்போது அக்கா அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கைகளால் சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் இருவருக்குள் கைதான் வாய். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "அவளுக்குச் சொல்லாத. நீதான் இனிமே அவளுக்குக் காது. நீ இல்லாம அவ வாசல் தாண்டக் கூடாது."

தங்கையான எனக்கு அப்போது பதினெட்டு வயது. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்மா ஜப்பான்காரன் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய் பேசி வாழ்ந்த மலாக்காச் செட்டிகளின் கம்பத்தை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அன்றிலிருந்து நான் அக்காவுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தேன். அவள் வேகமாக நடப்பாள். எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் அவளுக்காகக் கேட்டேன். லாரி கியர் மாற்றும் சத்தம், சைக்கிள் மணி, தூரத்தில் யாரோ யாரையோ "ஹோய்" என்று கூப்பிடுவது என எல்லாவற்றுக்கும் நின்று திரும்பிப் பார்ப்பேன். பூட்ஸ் காலடி கேட்டால் ஓடிப்போய் அவளுடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பேன். பல தடவை அது பால்காரராகவோ தபால்காரராகவோ இருக்கும். அக்கா கோபத்தோடு என் கையைத் தட்டிவிடுவாள். இவளுக்குப் பயமே கிடையாதா என்று நினைப்பேன். கேட்க முடியாதவர்களுக்குப் பயமும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேருமோ என்றுகூட ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்ததுண்டு.

அக்கா நகரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தாள். தமிழ் முஸ்லிம் முதலாளி ஒருவருடையது. அச்சடித்த தாள்களை மடித்துத் தைப்பது அவள் வேலை. இயந்திரத்தின் இரைச்சலில் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இயந்திரத்தை ஓட்டியவன் ஒரு சீன இளைஞன். அவனுக்கும் காது கேட்காது. தாடைக்குக் கீழே ஒரு மச்சம். அக்கா அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் அவனைச் சொல்கிறாள் என்று அர்த்தம். அவன் வீட்டில் ஹொக்கியன் பேசினார்கள், எங்கள் வீட்டில் தமிழ். இரண்டுமே அவர்கள் இருவருக்கும் எட்டாத மொழிகள். அதனாலேயோ என்னவோ, அச்சகத்தில் ஒன்றாக இருந்த இரண்டு வருடத்தில் தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். நானும் அக்காவும் வீட்டில் பேசிய கைப்பேச்சு அதற்குப் பக்கத்தில் மழலைபோல. நாங்கள் சோறு, தண்ணீர், கடை, அப்பா, கோபம் என்று பேசுவோம். அவர்களோ நேற்று நடந்ததை, நடக்காமல் போனதை, ஒருவரைப் போல இன்னொருவர் நடிப்பதை, பொய்யை, கேலியைப் பேசினார்கள். மாலையில் அவளை அழைத்து வரப் போகும்போது கடையோரத்து ஐந்தடி நடைபாதையில் நின்று பார்ப்பேன். பாதி புரியும். மீதி என்னைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு நாள் அங்கே ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். நரைத்த மீசை, கசங்கிய வெள்ளைச் சட்டை. சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கி, ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தவர். அவருக்கும் காது கேட்காது என்று அக்கா கண்ணை விரித்துச் சொன்னாள். அவருடைய நாட்டில் அவரும் ஒரு அச்சுத் தொழிலாளி. அப்போதுதான் உலகத்துக் காது கேளாதவர்களெல்லாம் ஒரு சங்கமாகச் சேரத் தொடங்கியிருந்தார்களாம். ஒவ்வொரு நாட்டிலும் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எந்தக் கையால் பேசுகிறார்கள், பள்ளி உண்டா, கல்யாணம் செய்துகொள்ள விடுகிறார்களா, சம்பளம் சமமா என்று பார்த்துக்கொண்டு போனார். இதையெல்லாம் எனக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். அக்காவுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் மூவரும் கை கொட்டிச் சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அவர் சிறுவனாகப் படித்த பள்ளியில் கையால் பேசினால் விரல் முட்டியில் பிரம்படி விழுமாம். வாயைத் திறந்து சத்தம் போடத்தான் பழக்குவார்களாம். அதை அவர் நடித்துக் காட்ட, அந்தச் சீன இளைஞன் தன் முட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கடைசியில் அவர் அக்காவிடம் ஒன்று சொன்னார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, அதைத் தனக்குள் இழுத்து அணைத்துக்கொள்வதுபோல. அக்கா எனக்கு அதை விளக்கினாள்: 'இந்தக் கைப்பேச்சு உங்களுடையது. யாரும் கொடுத்ததில்லை. யாரும் எடுக்கவும் கூடாது.'

எதிர்சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு மாத்தா-மாத்தா நின்றிருந்தான். போலீஸ்காரனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவன் நீண்ட நேரமாக நின்றிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் தட்டிவிட்டாள்.

மறுநாள் அந்தச் சீன இளைஞனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளைக்காரர் அதற்குள் பினாங்குக்கு ரயிலேறிவிட்டிருந்தார். நடைபாதையில் நின்று யாருக்கோ சைகை கொடுத்தான் என்பது புகார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளில் பெரும்பாலோர் சீனர்கள் என்பதால், அந்த நாளில் ஒரு சீனப் பையனைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டால், விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பலாம். அவன் பிறந்தது மலாக்காவில். சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. அவனுடைய அம்மா அச்சக வாசலில் உட்கார்ந்து ஹொக்கியனில் அழுதாள். அவளுக்கு மகனோடு சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மேலே பேசத் தெரியாது. அவனுக்காகப் பேச யாராவது வேண்டுமானால் அது ஒரே ஒருத்திதான்.

அன்று மாலை அக்கா எண்ணெய் வைத்துத் தலைவாரி, நல்ல சேலையை எடுத்து உடுத்தினாள். 'போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். நீ வா, என் கையைச் சொல்ல' என்றாள். அப்பா வாசற்படியில் குறுக்கே நின்றார். அவர் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்று கத்தினார், கேட்காத பிள்ளையிடம்.

"உனக்கு என்னா பைத்தியமா? உன்னையும் புடிச்சி உள்ள வச்சிட்டா யார்கிட்ட போயி நான் நிப்பேன்? அவன் சீனன். அவனுக்கும் நமக்கும் என்னா?" பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு அவகிட்ட. அந்த வேலிக்கிட்ட சுட்டது சொல்லு. இப்ப சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். சாக்கையும் வெளியே தெரிந்த காலையும் சொன்னேன். அக்கா முழுவதையும் பார்த்தாள். 'இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டாள். பிறகு, 'அந்தத் தோட்டத்துப் பையனுக்காகப் பேச யாரும் இல்லை, அதுதானே நடந்தது' என்றாள்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். நெற்றி நிறைய விபூதி. தமிழ் அவளுக்கு நாலைந்து சொல்தான் வரும். "பியார் டியா பெர்கி," என்றாள் அப்பாவிடம், அவள் போகட்டும் என்று. கூடத் தன் கணவரும் வருவார் என்று மலாயிலேயே சொன்னாள். அப்பா விலகவில்லை. ஆனால் அக்கா அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துவிட்டு, அந்தக் கைக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்; செட்டி அம்மாளின் கணவரும் காவல் நிலைய வாசல்வரை கூட வந்தார்.

காவல் நிலையத்தில் ஒரு தமிழ் சார்ஜன்ட்டும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் இருந்தார்கள். அச்சக முதலாளி எங்களுக்கு முன்பே வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்த காரணத்தை நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சார்ஜன்ட் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். "பேரு சொல்லு. பொண்ணு ஊமை… வாக்குமூலம் கொடுக்க வழியில்ல…" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன், சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று நினைத்தபடியே. அவள் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

'ஊமை என்று எழுதாதே. நான் பேசிக்கொண்டிருக்கிறேன். என் தங்கை சொல்வது என் வார்த்தை. அதை எழுது.'

அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சார்ஜன்ட்டைப் பார்த்து, எழுதாதே என்று. மரியாதையைச் சேர்த்து "எழுதாதீங்க சார்" என்று சொன்னேன். வேறு எதையும் மாற்றவில்லை.

அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். அந்த இளைஞனையும் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. அவன் அக்காவைப் பார்த்ததும் கையைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்தான். யார் இந்தச் சைகைகளைக் கற்றுக்கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். யாரும் இல்லை, நாங்களே என்று அக்கா சொன்னாள். அவர் நம்பவில்லை. இது பேச்சு என்றால் நிரூபித்துக் காட்டட்டும் என்றார். என்னை மூலையைப் பார்த்து நிற்கச் சொன்னார். அக்காவைத் தனியாகப் பின்பக்கத்து ஜன்னலுக்குக் கூட்டிப்போய், வெளியே பார்த்ததை அவனிடம் சொல்லச் சொன்னார். அவன் புரிந்துகொண்டதைத் தாளில் வரைய வேண்டும். இதை அக்காவுக்குக் கையால் சொல்லிவிட்டு நான் மூலைக்குப் போனேன்.

சுவர் மூலையில் ஈரம் ஊறிக் கறுத்த ஒரு திட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். சேலை உரசும் சத்தமும் உள்ளங்கையில் விரல் தட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. அவன் ஒரு கோட்டைத் தவறாகப் போட்டால் கப்பல். வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நான் எதையும் கேட்டதில்லை. பிறகு பென்சில் தாளில் ஓடும் சத்தம். அதுவும் நின்றது.

திடீரென்று சார்ஜன்ட் சிரித்துவிட்டார். நான் திரும்பினேன். தாளில் ஒரு மரம், அதிலிருந்து ஒரு துணிக்கொடி, துணி காயப்போடும் ஒரு கர்ப்பிணிப் பெண், அவள் பார்க்காத நேரத்தில் ஒரு காக்கிக் கால்சட்டையைக் கவ்விக்கொண்டு ஓடும் ஒரு நாய். நாயின் ஒரு காது மடிந்திருந்ததுவரை இருந்தது. அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நாய் இன்னும் மரத்தடியில் கால்சட்டையைக் குதறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முடிந்தது, அவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவும் சொல்ல முடியும் என்றால், இவர்களால் எதை வேண்டுமானாலும் சொல்ல முடியும். எங்களில் ஒருவருக்கும் புரியாமல்."

மொழி இல்லை என்று நினைத்ததால் பிடித்தார்கள். மொழி உண்டு என்று காட்டியதும் அதுவே குற்றமாகிவிட்டது. இதை நான் அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். சொன்னேன். அவள் அதிகாரியை நேராகப் பார்த்தாள். 'அப்படியானால் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்' என்றாள். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேனா, இல்லை வாய்க்குள்ளேயே விழுங்கினேனா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அச்சக முதலாளி ஜாமீன் நின்றார். ஊரில் எல்லோராலும் மதிக்கப்பட்ட பெரியவர் அவர். இளைஞனை விட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. இருவரும் சந்திக்கக் கூடாது, பொது இடத்தில் கையால் பேசக் கூடாது. இரண்டு வாரத்தில் அவனுடைய அம்மா அவனைச் சிங்கப்பூரில் ஒரு மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். போகும்போது அவன் அக்காவைப் பார்க்கவில்லை. பயந்துதான். அக்கா அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் தாடைக்குக் கீழே விரல் வைக்கும் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பயன்படுத்தவே இல்லை.

அவள் ரோட்டில் நடக்கும்போது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தாள். பாசாரில் கத்தரிக்காய் எடுக்கக்கூட என்னைத்தான் கண்ணால் கேட்பாள். அப்பா நிம்மதியடைந்தார். அது எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் பக்கத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஜாமீன் காலமும் எப்போதோ முடிந்தது. அவள் கைகள் வெளியே வரவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் எப்போது என்று மலாக்காவின் கடற்கரைத் திடலில் அறிவித்த நாளில் ஊரே அங்கே போயிற்று. நாங்களும் போனோம். ஜனங்கள் கத்தியபோது அக்கா தன் நெஞ்சில் கையை வைத்து அந்த அதிர்வைப் பார்த்தாள். 'என்ன சொல்கிறார்கள்?' என்று கேட்டாள். சுதந்திரம் என்பதற்கு எனக்குக் கைச்சொல் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தேவையே வந்ததில்லை. 'வெள்ளைக்காரன் போகிறான், இனி இது நம்முடையது' என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முந்தானையைப் பிரித்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, காற்றிலிருந்து எதையோ நெஞ்சுக்கு இழுத்து அணைத்துக்கொண்டாள். 'இதுதானே?' பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் எங்களைப் பார்த்தார். நான் அவளுக்கும் அவருக்கும் நடுவில் நகர்ந்து நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார்.

அதற்குப் பிந்திய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பினாங்கில் காது கேளாதோர் பள்ளியில் படித்து வந்த இளம்பிள்ளைகளோடு சேர்ந்து அவள் ஊரில் ஒரு சிறு சங்கம் தொடங்கினாள். அவர்கள் பேசிய கைப்பேச்சைத் தன் வயதில் புதிதாகக் கற்றாள். தலை நரைத்த பிறகு, வெளிநாட்டில் நடந்த காது கேளாதோரின் உலக மாநாட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், வழக்கம்போல இரண்டடி பின்னால். மேடையில் அவள் அந்த நாய்க் கதையைச் சொன்னபோது அரங்கம் முழுக்கச் சிரித்தது. அந்த அதிகாரியின் வார்த்தையைச் சொன்னபோது அவ்வளவு பேருடைய கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன. எங்கள் மொழியை எங்கள் உரிமையாகச் சட்டத்தில் எழுதுங்கள் என்று நாடுகளைக் கேட்டு அங்கே தீர்மானம் போட்டார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் கையைத் தூக்கினார்கள். நான் மட்டும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது வருகிறார்களா என்று.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கும் வயதாகிவிட்டதால் ஊருக்கு வெளியே புக்கிட் காதில் என்னும் இடத்திலிருந்த மகன் வீட்டிலிருந்து காலையில்தான் போய்ப் பார்க்க முடிந்தது. வார்டுக்குள் நுழைந்தேன். அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளையும் துணிப்பட்டையால் கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவள் கண்கள் மட்டும் என்னைக் கண்டு அங்குமிங்கும் அலைந்தன. விரல் நுனிகள் துடித்தன.

"டியூப பிடுங்குறாங்க மக்சிக், அதான்," என்றாள் ஒரு மலாய்த் தாதி மலாயில், என்னை அத்தை முறை வைத்து, அன்பாகத்தான். அவளுக்கு என் பேத்தி வயது.

"அவிழ்த்துவிடு," என்றேன் நானும் மலாயில். "அது அவளோட வாய். வாயைக் கட்டிட்டு எங்க வலிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சிக்குவ?" என் குரல் உயர்ந்துவிட்டது. சார்ஜன்ட் முன்னால் வராத குரல். சங்கத்துக்குத் தகவல் போயிற்று. ஒரு பெண் வந்தாள், அவளுக்கும் காது கேட்காது, கூடவே கைமொழி பெயர்ப்பாளர் ஒருவர். கெஞ்சவில்லை அவள். இவருக்குப் பேச உரிமை உண்டு, இது சட்டம் என்று டாக்டரிடம் நிதானமாகச் சொன்னாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். தாதி ஓடிவந்து, தானே முடிச்சை அவிழ்த்தாள்.

அக்காவின் மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் இருந்தது. அவள் கைகளை உடனே தூக்கவில்லை. ரத்தம் ஓடும்வரை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: 'பயந்துவிட்டாயா?'

ஆமாம் என்றேன். இன்றைக்கு மட்டுமில்லை, எப்போதும் என்றேன்.

அக்கா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். மூடிய கண்ணோடு ஒரு கை மட்டும் எழுந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது.

'நானும்தான்.'